பழைய பெட்டிக்கு எந்த வன்தட்டு?

திருநெல்வேலியில் சித்தப்பாவின் அச்சகத்தில் ஒரு பென்டியம் 4 கணினி இன்னும் உழைக்கிறது. கலியாண அட்டை, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்) எல்லாம் பாமினி எழுத்துருவில் அதில்தான் தயாராகின்றன. சென்ற மாதம் அதன் 40 ஜி.பி. வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) டக், டக் என்று தட்டிவிட்டு அடங்கியது. கோப்புகளின் பிரதி சீடியில் இருந்தது. ஆனால் புதிய வன்தட்டுகள் சாட்டா வகை; இந்தத் தாய்ப்பலகையில் இருப்பதோ பழைய வகை இணைப்பான 40 முள் ஐடிஇ மட்டும்.

பாவித்த ஐடிஇ வன்தட்டு வாங்குவது முதல் வழி. தட்டின் பின்பக்கத்து ஜம்பரை (சிறு இணைப்புத் துண்டை) மாஸ்டரில், அதாவது நாடாவின் முதல் சாதனம் என்ற நிலையில், வைத்து, இணைப்பு நாடாவின் சிவப்பு ஓரம் முதலாம் முள்ளுக்கு வரும்படி செருகினால் உடனே ஓடும். எங்களுக்கும் ஓடியது, ஒன்பது நாள். “சோதித்தது” என்று சொல்லி விற்றார்கள். வயது போன தட்டை யார் சோதித்தால் என்ன?

தாய்ப்பலகையின் பிசிஐ துளையில் செருகும் சாட்டா அட்டை இரண்டாவது. அட்டையிலேயே பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) இல்லையென்றால் அதிலிருந்து கணினி துவங்காது. பயாஸ் இருந்தாலும், விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். நல்ல ஃபிளாப்பி ஒன்றைத் தேடிப் பாருங்கள், புரியும். நான் விட்டுவிட்டேன்.

என் தெரிவு மூன்றாவது: தீப்பெட்டி அளவு ஐடிஇ–சாட்டா மாற்றியும் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் வகை). ஐடிஇயின் வேகம்தான் எல்லை என்பதால் விலை கூடிய எஸ்எஸ்டி வீண். கொள்ளளவில்தான் கவனம் வேண்டும். தட்டின் இடங்களை எண்ண 28 பிட் முகவரியைப் பாவிக்கும் பழைய பயாஸ் 137 ஜி.பி.க்கு மேல் காணாது. சில பெட்டிகள் பெரிய தட்டைக் கண்டதும் உறைந்தே விடும். முதல் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) இல்லாத எக்ஸ்பி அந்த எல்லையைத் தாண்டி எழுதினால் தரவே கெடும். ஆகவே 120 ஜி.பி. போதும். பகிர்வை (பார்ட்டிஷன்) வேறு கணினியில் 2048ஆம் செக்டரிலிருந்து (தட்டின் சிறு கூறு) பிரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி தானாகப் பிரித்தால் 63இல் தொடங்கும், எஸ்எஸ்டிக்கு அது பொருந்தாது.

மாற்றியைச் செருகியும் முதலில் பயாஸ் ஒன்றும் காட்டவில்லை. அதே நாடாவில் சீடி டிரைவும் மாஸ்டராக நின்றது. அதை ஸ்லேவ் (இரண்டாம் சாதனம்) ஆக்கியதும் எஸ்எஸ்டியின் பெயர் திரையில் வந்தது.

மறுநாள் காலை மறுபடியும் கறுப்புத் திரை. மாற்றியைத்தான் திட்டினேன். பார்த்தால் திகதி 2002 ஜனவரி. துவக்க வரிசையும் அழிந்திருந்தது. இவற்றை நினைவில் வைத்திருக்க உதவும் தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரி செத்துவிட்டது. அதை மாற்றிய பிறகு மூன்று வாரமாக ஓடுகிறது.