மாவுப்புழுப் பெட்டி: 14 மாத அனுபவம்

பெர்னில் இருக்கும் நண்பர் நேற்று மாலை போன் செய்தார். சாப்பிடுவதற்கு மாவுப்புழு (ஒரு வகை வண்டின் இளம்புழு) வளர்க்க நான் வைத்திருக்கும் அதே நாலு தட்டுப் பெட்டி விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ருசியில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் தீனி போடாமல் வைத்து, சலித்து, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைப்பேன். அப்புறம் கழுவி, கொதிநீரில் சில நிமிடம் போட்டு வடித்து, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், பூண்டு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்தால் வேர்க்கடலை வாசம் வரும். சின்ன வயதில் மழை விட்ட மறுநாள் அம்மா ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து கொடுப்பார். சூரிக்கில் அடுக்குமாடி வீட்டில் முதல் தடவை வறுத்தபோது கண் கலங்கிவிட்டது.

இனி என் கோபம். கூட்டுப்புழு பொறுக்குவது.

வளர்ந்த புழு கூட்டுப்புழுவானதும் நெளியுமே தவிர நகராது. அங்கேயே விட்டால் மற்ற புழுக்கள் கடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து மேல்தட்டில் போட வேண்டும். அங்கே வண்டாகி முட்டையிடும், முட்டை வலை வழியாகக் கீழ்த்தட்டில் விழும். எல்லாம் ஒரே நாளில் கூட்டுப்புழு ஆனால் பரவாயில்லை. தினமும் பத்து, இருபது என்று ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் கரண்டியோடு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறேன், சமைக்கக் கிடைப்பது 150 கிராம் புழு. இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தபோது பாதிக்கு மேல் கடிபட்டுக் கறுத்துக் கிடந்தன. பூச்சியின் குணத்துக்குப் பெட்டி செய்தவரைத் திட்டக்கூடாது, சரி. ஆனால் கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி!

தீனி சுலபம். கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு கேரட் துண்டு. கேரட்டைப் பூசணம் பிடிக்க விடாதீர்கள், தவிட்டில் சிற்றுண்ணி பெருகிவிடும். எனக்கு ஒரு தட்டு முழுக்க அப்படித்தான் போனது. குளிர்காலத்தில் ஹீட்டர் அருகே வைத்தால்தான் வளர்கிறது.

முதல் புழுக்களைப் பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்கு விற்கும் கடையில் வாங்காதீர்கள். எதைத் தின்று வளர்ந்ததோ! சுவிட்சர்லாந்தில் 2017 மே முதல் மாவுப்புழுவை உணவாக விற்க அனுமதி உண்டு. உணவுக்கென்று வளர்ப்பவர்களிடமே கேளுங்கள். வீட்டில் யாருக்காவது இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் இதையும் தொட வேண்டாம். அதே ஒவ்வாமை வரலாம்.

வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு ருசியான ஒன்றுக்கு இப்படிச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இன்றைக்கு என் பதில் இதுதான். சாப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் வீட்டுக்கு வாருங்கள். ஃப்ரீசரில் 300 கிராம் இருக்கிறது, வறுத்துத் தருகிறேன்.