லாட்ஜ் வைஃபை: நாலு வருட அனுபவம்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் எங்கள் லாட்ஜில் மாடிக்கு ஒன்றாக இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) மாட்டி நாலு வருடம் ஆகிறது. சிக்னலில் குறை சொல்ல முடியாது. யாரை உள்ளே விடுவது, வந்தவரை எதுவரை விடுவது என்பதில்தான் பாடாய்ப் பட்டோம்.

பாஸ்வேர்டு எதிர் டீக்கடை வரை பரவிவிட்டதால் முதலில் மேக் ஃபில்டர் போட்டேன். ஒவ்வொரு ஃபோனின் வைஃபைக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாளம் உண்டு; அதைப் பட்டியலில் ஏற்றிய ஃபோனுக்கு மட்டும் இணைப்பு. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், லாட்ஜ் நிரம்பிக் கிடக்கிறது. ரிசப்ஷன் தம்பி ஒவ்வொரு ஃபோனாக வாங்கி, அந்த 12 இலக்க முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, சரியாத்தான் போட்டேன், ஏற மாட்டேங்குது" என்றான்.

ஆக்சஸ் பாயிண்டின் லாகை, அதாவது எந்த ஃபோன் வந்தது என்ற பதிவைத் திறந்தால், அந்த ஃபோன் வேறொரு முகவரியோடு வந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி ஃபோன்கள் வைஃபைக்கு வைஃபை ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. இரண்டாவது இலக்கம் 2, 6, A, E என்று இருந்தால் அது அந்த ரகம். இவ்வளவு பாடுபட்டாலும், மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது. விஷயம் தெரிந்தவன் எடுத்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். திருவிழா முடிந்ததும் ஃபில்டரைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் விருந்தினருக்குத் தனி வைஃபை, தனி விலேன் (அதே வயரில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்). பில்லிங் கம்ப்யூட்டரும் கேமராவும் அவர்கள் கண்ணுக்கே படாது. பாஸ்வேர்டு வாரம் ஒருமுறை மாறும். கூடவே கிளையண்ட் ஐசொலேஷன்: ஒரு அறை ஃபோன் இன்னொரு அறை லேப்டாப்போடு பேச முடியாது, இன்டர்நெட் மட்டும். முன்பு ஒருவர் லேப்டாப்பில் பகிர்ந்திருந்த ஃபோல்டர் பக்கத்து அறையில் திறந்தது. அந்தத் தலைவலி போயிற்று. பிரிண்டரும் சேர்ந்து போயிற்று. ரயில் டிக்கெட் பிரிண்ட் வேண்டுமென்றால் இப்போது ரிசப்ஷனுக்கு வாட்ஸ்அப்தான்.

ஒன்று தாமதமாகத் தெரிந்தது. மேல்மாடி ஃபோனிலிருந்து கீழ்மாடி ஃபோனுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தேன், பதில் வந்தது! எங்கள் மாடலில் ஐசொலேஷன் அந்தந்த ஆக்சஸ் பாயிண்டுக்குள் மட்டும்தான். இரண்டையும் வயரில் இணைக்கும் சுவிட்சிலும் போர்ட் ஐசொலேஷன் (ஒரு போர்ட் இன்னொரு போர்ட்டோடு பேசாமல் தடுப்பது) போட்ட பிறகே அடங்கியது. ஒருமுறை ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டில் அந்த டிக்கும் தானாகக் கழன்றிருந்தது. அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு தம்பி மேலே, நான் கீழே நின்று பிங் அடித்துப் பார்க்கிறோம்.