இரண்டு டாக்டரா, ஏஐயும் டாக்டருமா?

"ஏஐயை நம்பி உயிரை ஒப்படைப்பதா?" என்பவர்களிடம் ஸ்வீடனைத்தான் காட்டுவேன். அங்கே மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே) படத்தை வழக்கமாக இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படும். நல்ல முறைதான், ஆனால் அத்தனை டாக்டர்களுக்கு எங்கே போவது?

இன்னொரு வழியில், ஏஐ முதலில் ஒவ்வொரு படத்துக்கும் புற்றுநோய் சந்தேகம் எவ்வளவு என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும்; 10தான் அதிக சந்தேகம். 10 வாங்கிய படத்தை இருவர் பார்ப்பார்கள், மற்றதை ஒருவர். முடிவு சொல்வது அப்போதும் டாக்டர்தான். பயப்படுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களை இரு பிரிவாக்கி இந்த இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. பழைய வழியில் 203 பேருக்குப் புற்றுநோய் பிடிபட்டது, ஏஐ வழியில் 244. படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைவு. சரி, புற்றுநோய் இல்லாதவரையும் சந்தேகித்து அழைக்கும் வீண் பயமுறுத்தல்? இரண்டிலும் 1.5 சதவீதம்தான்.