விரலடையாளப் பூட்டுப் பெட்டி: வீட்டுக்குச் சரி, வட்டைக்குச் சரியில்லை

பயிர்க்காவலுக்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் துவக்கு பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாதென்று, மட்டக்களப்பு நகரில் விரலடையாளப் பூட்டுள்ள இரும்புப் பெட்டியொன்றை வாங்கினேன். வீட்டில் அது தொட்டவுடன் திறந்தது. ஆனால் வெல்லாவெளி வயல் வட்டையில், யானை வேலியை முறிக்கும் சத்தம் கேட்டு எழுந்த இரவில், சேறு காயாத பெருவிரலை மூன்று தடவை அழுத்தியும் சிவப்பு விளக்கே எரிந்தது; சாரத்தில் அழுத்தித் துடைத்த பிறகுதான் திறந்தது.

உரியவர் கையில் மட்டுமே வெடிக்கும் நவீன துவக்குகளை அமெரிக்காவில் பலர் நம்பாதது எனக்கு நியாயமாகவே படுகிறது. கைக்கடிகாரம் அருகில் இருந்தால் மட்டுமே சுடும் எனப்பட்ட ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் கைத்துப்பாக்கியின் பூட்டை, 2017இல் ஒருவர் சாதாரணக் காந்தங்களைக் கொண்டே முறியடித்துக் காட்டினார். இந்தப் பெட்டிக்காவது அவசரத்துக்கு ஒரு சாவி தந்திருக்கிறார்கள். வட்டைக்குப் போகும்போது அதை இப்போது இடுப்பிலேயே கட்டிக்கொள்கிறேன்.