டிஜே புக்கிங் ஆப்பில் 42,000 ரூபாய் போச்சு: ரிசப்ஷன் வைக்கிறவர்கள் படியுங்கள்

42,000 ரூபாய். தங்கையின் ரிசப்ஷனுக்கு டிஜே என்று சொல்லி வாங்கிய பணம். வந்த ஆள் மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூட மிக்ஸ் பண்ணவில்லை. முகூர்த்த மாதம் வருகிறது, இதே வலையில் இன்னும் எத்தனை வீடு விழுமோ என்று வயிறு எரிகிறது.

டிஜே, போட்டோகிராபர், மெஹந்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் புக் பண்ணித் தரும் ஆன்லைன் ஆப் அது. பெயர் போடவில்லை. இந்த வகை ஆப் நிறைய இருக்கிறது, எதிலும் இது நடக்கலாம்.

நம்ப வைத்தது அவர்கள் கேட்ட கேள்விகள். விருந்தினர் எத்தனை பேர், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எவ்வளவு, இரண்டு வீட்டாருக்கும் எந்த ஊர், மூடிய ஹாலா திறந்த புல்வெளியா, பந்தி எத்தனை மணிக்கு, கட்டாயம் போட வேண்டிய பத்துப் பாட்டு எது, போடவே கூடாதது எது. போனில் பேசியவர், "முதல் அரை மணி நேரம் பெரியவங்களுக்கு சார். பந்தி ஓடும்போது வேகம் ஏத்த மாட்டோம். குத்து கடைசி முக்கால் மணி நேரத்துலதான்" என்றார். தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது. அங்கேயே பாதிப் பணம், 21,000, போய்விட்டது. மீதி நிகழ்ச்சிக்கு முந்தின நாள்.

உண்மையான டிஜே அப்படித்தான் பாட்டு எடுப்பார். மூன்று மணி நேரத்துக்கு எண்பது, தொண்ணூறு பாட்டு ஓடும். அதைப்போல மூன்று மடங்கு கையில் தயாராக இருக்கும், காலவாரியாகவும் வேகவாரியாகவும் பிரித்து. சினிமாப் பாட்டை முழுசாகப் போட மாட்டார். பல்லவி, ஒரு சரணம், திரும்ப பல்லவி, ஒன்றரை இரண்டு நிமிடத்தில் அடுத்தது. இரண்டாவது இடையிசை வரை விட்டால் ஆடுகிற தளம் கலைந்துவிடும். மூன்று, நான்கு பாட்டு ஏற்றிவிட்டு, எல்லோரும் சேர்ந்து பாடுகிற ஒன்றைப் போட்டு மூச்சு விட வைப்பார். கண் எப்போதும் ஓரத்தில் நிற்பவர்கள் மேல் இருக்கும். நடுவில் ஆடுகிற பையன்கள் எதற்கும் ஆடுவார்கள். அத்தை, சித்தி கூட்டம் இறங்கினால்தான் தளம் நிற்கும்.

நம்மூரில் இந்த வேலை இன்னும் கஷ்டம். குத்துப் பாட்டில் பல திஸ்ர நடை, ஒரு அடிக்குள் மூன்று மூன்றாக ஓடும் தாளம். கிளப் ரீமிக்ஸ் எல்லாம் நாலடித் தாளம், 120 முதல் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி). டிஜே சாஃப்ட்வேர் திஸ்ரத்தின் வேகத்தைப் பல நேரம் ஒன்றரை மடங்காகத் தப்பாகக் கணக்கெடுக்கும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை நம்பி அமுக்கினால் இரண்டு தாளமும் முட்டிக்கொள்ளும், ஆடுகிறவன் கால் தடுமாறி நின்றுவிடுவான். முதல் பாட்டை எக்கோவில் கரைத்து, அடுத்ததை முதல் அடியிலிருந்து நேராக இறக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் வெறும் பறை லூப் ஒன்று, திரும்பத் திரும்ப ஓடும் சின்னத் துண்டு. பழைய பாட்டுகள் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை, பாட்டுக்குள்ளேயே வேகம் கூடும், குறையும். அதற்கு, ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று சாஃப்ட்வேர் போடும் கோடுகளை, அதாவது பீட் கிரிட்டை, வீட்டிலேயே கையால் திருத்தி வைக்க வேண்டும். குரல் உள்ள பாட்டை ஐந்து, ஆறு சதவீதத்துக்கு மேல் வேகமாக்கினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

வந்தவரிடம் இதில் ஒன்றும் இல்லை. ஆப்காரர்கள் வீடியோவில் காட்டிய ஆளே அவர் இல்லை. ஏழரை மணிக்கு, பெரியவர்கள் மேடை ஏற வரிசையில் நிற்கும்போது, 128 பிபிஎம் ரீமிக்ஸ். முன்வரிசை எழுந்து சாப்பிடப் போய்விட்டது. கட்டாயம் போட வேண்டிய பத்தில் ஒன்றுகூட வரவில்லை, கூடாது என்று எழுதிக் கொடுத்ததில் இரண்டு வந்தது. ஏன் என்று அவர் முன்னால் இருந்த டிஜே கருவியை, கன்ட்ரோலரைப் பார்த்தால்தான் தெரிந்தது: பாட்டை நிறுத்தவும் நகர்த்தவும் உள்ள சக்கரத்தை, ஜாக் வீலைக் கையால் பிடித்து நிறுத்துகிறார், பாட்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. முன்கூட்டியே மிக்ஸ் பண்ணிய ஒரே நீளமான ஃபைல்! கேட்ட பாட்டுக்கெல்லாம் "அடுத்தது அதான் சார்". வீடியோ தளத்திலிருந்து இறக்கிய ஒலி வேறு. போனில் அது தெரியாது. 18 இன்ச் சப் (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்த ஹாலில் அடி கொழகொழவென்றும் மேல்சுருதி மழுங்கியும் கேட்கும். கேட்டது.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "ஃபீட்பேக் நோட் பண்ணிட்டோம் சார்". அடுத்து "ஆர்ட்டிஸ்ட்டோட டேஸ்ட் அது, நாங்க தலையிட மாட்டோம்". ஆள் மாறியதைக் கேட்டால், "அவைலபிலிட்டியைப் பொறுத்துன்னு கண்டிஷன்ல இருக்கு". கடைசியில் அடுத்த புக்கிங்குக்கு 2,000 ரூபாய் கூப்பன். 42,000 வாங்கிவிட்டு கூப்பன்! இப்போது போனே எடுப்பதில்லை, சாட்டில் தானாக வரும் பதில் மட்டும்.

அந்த 42,000-க்குள் 6,500 "பாட்டு லைசென்ஸ் கட்டணம்" என்று எடுத்ததுதான் உச்சம். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தைச் சேர்ந்த விழாக்களுக்கும் விலக்கு கொடுக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு விட்டது. கம்பெனி பார்ட்டிக்கு வாங்குகிற காசை வீட்டுக் கல்யாணத்தில் போட்டுவிட்டார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. வருகிற டிஜேவின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், ஆள் மாறினால் முழுப் பணமும் திரும்ப என்று. புக் பண்ணும் முன் அவரிடமே பேசி, ஒரு மெலடியிலிருந்து திஸ்ரக் குத்துக்கு எப்படிப் போவார் என்று கேளுங்கள். வீடியோ காலில் செய்து காட்டச் சொல்லுங்கள். மீதிப் பணம் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். திறந்த புல்வெளி என்றால் இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும், குத்து எத்தனை மணிக்கு என்று அதை வைத்து முடிவு பண்ணச் சொல்லுங்கள். நடக்கும்போதே கன்ட்ரோலரை வீடியோ எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே புகார் கொடுத்திருக்கிறேன்.