அறை எண் எங்கே இருக்க வேண்டும்: செஷனிலா, யூஆர்எல்லிலா, டேட்டாபேஸிலா?

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் மென்பொருளை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அங்கே தங்குவார்கள். வங்காளத்துக் குடும்பங்கள் அதிகம். ஒருநாள் ராத்திரி கவுண்டரில் உட்காரும் தம்பி போன் செய்தார். "ண்ணா, 204க்கு வாங்குன அட்வான்ஸ் 311ல ஏறிக்கீது."

தப்பு என்னுடையது. தேர்ந்தெடுத்த அறை எண்ணை செஷனில், அதாவது லாகின் ஆனவரைப் பற்றி சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் குறிப்பில், வைத்திருந்தேன். தம்பி ஒரு டேபில் 204ஐத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு டேபில் 311 காலியா என்று பார்த்திருக்கிறார். பழைய டேபுக்குத் திரும்பி 'சேமி'யை அழுத்தியபோது திரையில் 204, செஷனில் 311. ஒரே பிரவுசரில் எத்தனை டேப் திறந்தாலும் அத்தனைக்கும் செஷன் ஒன்றுதான்.

இந்த இடத்தில் யூஆர்எல், அதாவது பக்கத்தின் முகவரிதான் சரி. ஃபார்முக்குள் மறைத்து வைக்கும் ஃபீல்டும் ஆகும். ஒவ்வொரு டேபும் தன் அறை எண்ணைத் தானே சுமந்துகொண்டு போகும். ஆனால் வாடகையை அங்கே வைத்துவிடாதீர்கள். 900ஐ 90 ஆக்குவதற்கு பிரவுசரே வழி வைத்திருக்கிறது. அறை எண் மட்டும் வரட்டும். வாடகையை சர்வர் டேட்டாபேஸில் பார்த்து எடுக்கட்டும், அந்த அறையைத் தொட இவருக்கு உரிமை உண்டா என்பதையும் அதுவே சரிபார்க்கட்டும்.

குக்கீ என்பது பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு. அதில் சுமார் 4 கேபிதான் அடங்கும், சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் சேர்ந்து போகும். பக்கம் தமிழிலா வங்காளத்திலா என்ற தேர்வுக்கு அது போதும்.

பாதி நிரப்பிய பதிவுக்கு டேட்டாபேஸ். பிஎச்பியில் செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அதற்கு மேல் சும்மா கிடந்தால் எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். ஓபி வரிசையில் நின்றபடி போனில் பதிகிறவருக்கு 24 நிமிடம் எம்மாத்திரம்! பலர் ஆயுளை எட்டு மணி நேரமாக நீட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; கவுண்டர் கணினியில் லாகவுட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்து உட்காருகிறவர் கையில் எல்லாம் போய்விடும். 'வரைவு' என்று டேட்டாபேஸில் ஒரு பதிவு போட்டால் மறுநாள் வந்தும் தொடரலாம்.

அப்படியானால் செஷனுக்கு என்ன மிச்சம்? வந்திருப்பவர் யார், அவர் கவுண்டர் ஊழியரா முதலாளியா, வேறு தளத்திலிருந்து அவர் பெயரில் வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், 'பதிவாகிவிட்டது' என்று ஒருமுறை காட்டும் செய்தி. அவ்வளவுதான். லாகின் ஆன கையோடு செஷன் ஐடியை மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் பழைய ஐடியை முன்பே தெரிந்துவைத்திருப்பவன் அதோடு உள்ளே வந்துவிடுவான்.

செஷனுக்குப் பதிலாக, சர்வர் கையெழுத்திட்டு பயனர் கையிலேயே கொடுத்துவிடும் ஜேடபிள்யூடி டோக்கனைச் சிலர் சொல்வார்கள். ஒரே சர்வரில் ஓடும் லாட்ஜுக்கு அது வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் செஷனை அந்த நிமிடமே அழிக்கலாம். டோக்கனோ, தடைப்பட்டியல் ஒன்றைத் தனியாக வைக்காதவரை, காலாவதியாகும் வரை செல்லும்.

செஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஎச்பி அதை ஃபைலில் வைத்தால், ஒரு கோரிக்கை முடியும் வரை அந்த ஃபைலைப் பூட்டி வைக்கும். முதலாளி ஒரு டேபில் மாதக் கணக்கு எடுத்தால், அவருடைய அடுத்த டேப் அதுவரை சுற்றிக்கொண்டே நிற்கும். யார் என்று படித்தவுடனே செஷன் ஃபைலை மூடிவிட்டுத்தான் இப்போது கணக்கைப் போட வைக்கிறேன்.