விருது வாங்கின புரொபசர்கள் ஆன்லைன்ல பாடம் எடுக்குறாங்க, யார்கிட்ட எதைப் படிக்கலாம்?

ஆன்லைன் கோர்ஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் "விருது பெற்ற பேராசிரியர்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், ஆனா அது எதுக்காக கிடைச்ச விருதுன்னு பாக்காமலே நிறைய பேர் காசு கட்டிடுறாங்க. நோபல் பரிசு ஆராய்ச்சிக்கு குடுக்குறது, அதை வாங்கினவர் போர்டு முன்னாடி நின்னா நமக்கு புரியும்னு அதுல எந்த கேரண்டியும் இல்ல. பாடம் நடத்துறதுக்குன்னே தனியா விருதுகள் இருக்கு. அமெரிக்காவுல மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கான்னு ஒரு சங்கம் காலேஜ்ல நல்லா கணக்கு சொல்லித் தர்றவங்களுக்கு ஹைமோ விருது குடுக்குது, கம்ப்யூட்டர் பக்கம் ஏசிஎம் சங்கம் கார்ல்ஸ்ட்ராம் விருதுன்னு ஒண்ணு குடுக்குது. என்னைக் கேட்டா ஒரு கோர்ஸை செலக்ட் பண்ணும்போது இந்த ரெண்டாவது வகை விருதைத்தான் முதல்ல பாக்கணும், அதுக்கும் மேல ஒரு லெக்சர் முடிஞ்சு அடுத்த லெக்சர் வர்றதுக்குள்ள அவர் நம்மள என்ன வேலை செய்ய வைக்கிறாருன்னு பாக்கணும். நிறைய கோர்ஸ் சறுக்குறது இங்கதான்.

கணக்குல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா இங்க நான் சொல்லப்போற ரெண்டு பேருமே ஹைமோ விருது வாங்கினவங்க, ஆனா ரெண்டு கோர்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. ஒருத்தர் அமெரிக்காவுல இருக்குற எம்ஐடியோட கில்பர்ட் ஸ்ட்ராங், 2007ல வாங்கினாரு. இன்னொருத்தர் ஹார்வி மட் காலேஜ் ஆர்தர் பெஞ்சமின், 2000ல வாங்கினாரு.

ஸ்ட்ராங்கோட லீனியர் அல்ஜீப்ரா கோர்ஸ் நம்பர் 18.06, வீடியோ எடுத்தது 1999ல, எம்ஐடி பாடங்களைப் போடுற ஓப்பன்கோர்ஸ்வேர் வெப்சைட்ல முழுசா ஃப்ரீ. முதல் லெக்சர்ல அவர் ஆரம்பிக்கிறது ரெண்டே ரெண்டு ஈக்வேஷன்ல: 2x − y = 0, −x + 2y = 3. நம்ம காலேஜ்ல இதை மேட்ரிக்ஸா எழுதி எலிமினேஷன் பண்ணி x = 1, y = 2ன்னு போட்டுட்டு அடுத்த சம்முக்கு போயிடுவாங்க. அவர் முதல்ல ரெண்டு கோடு வரைஞ்சு வெட்டுற இடத்தைக் காட்டுறாரு, அது எல்லாருக்கும் தெரிஞ்சது, அப்புறம் அதே கணக்கை காலமா (column), அதாவது மேலிருந்து கீழா, பாக்கச் சொல்றாரு: (2, −1)ங்கற வெக்டர் ஒண்ணு, (−1, 2)ங்கற வெக்டர் ஒண்ணு, இதை எவ்வளவு அதை எவ்வளவு எடுத்துக் கூட்டினா (0, 3) வரும்? முதல் வெக்டர் ஒரு தடவை, ரெண்டாவது ரெண்டு தடவை. அவ்வளவுதான், ஆனா பின்னாடி பாடத்துல வர்ற காலம் ஸ்பேஸ், ரேங்க், லீஸ்ட் ஸ்கொயர்ஸ் எல்லாத்துக்கும் அஸ்திவாரம் அந்த ஒரு படத்துல இருக்கு. செமஸ்டர் முழுக்க மேட்ரிக்ஸ் சம்மா போட்டும் ரேங்க்னா என்னன்னு சொல்லத் தெரியாத பசங்களுக்கு இந்த லெக்சரைத்தான் நான் முதல்ல அனுப்புவேன். நிதானமா நிறுத்தி நிறுத்திப் பேசுவாரு, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவங்களுக்கும் பிரச்சனை இருக்காது. 2023ல கடைசி கிளாஸ் எடுக்கும்போது அவருக்கு வயசு 88.

பெஞ்சமின் எடுக்குறது கிரேட் கோர்ஸஸ்ல. அந்த கம்பெனி 1990ல ஆரம்பிச்சது, நல்லா பாடம் நடத்துறவங்கன்னு பேர் வாங்கின புரொபசர்களைத் தேடிப் பிடிச்சு ஸ்டூடியோவுல ரெக்கார்ட் பண்ணி விக்கிறதுதான் அவங்க தொழிலே. ஒரு லெக்சர் அரை மணி நேரம், கூட ஒரு கைட்புக், அவ்வளவுதான், பரீட்சை கிடையாது, சர்டிஃபிகேட்டுக்காக யாரும் அங்க போறதில்ல. மனசுலயே 37 ஸ்கொயர் போடணும்னா 3 கூட்டி 40, 3 கழிச்சு 34, ரெண்டையும் பெருக்கினா 1360, அதோட 3 ஸ்கொயர் 9 சேத்தா 1369, இந்த வித்தையை அவர் சொல்லித் தர்ற அழகே அழகு, ஏன் அப்படி வருதுன்னு அல்ஜீப்ராவையும் கையோட காட்டிடுவாரு. வீட்டுல எட்டாவது ஒம்பதாவது படிக்கிற புள்ளையோட சேந்து பாக்க இதை விட நல்லது எனக்குத் தெரியல. ஆனா செமஸ்டர் பாஸ் பண்ணணும், கேட் (GATE) எழுதணும், மெஷின் லேர்னிங் போகணும்னா இது உங்களுக்கு இல்ல, ஸ்ட்ராங்கையே பாருங்க, வேற வழி தேட வேண்டாம்.

எகனாமிக்ஸ்ல ரெண்டு பக்கமும் நோபல். யேல் ராபர்ட் ஷில்லர் 2013ல வாங்கினவர், அப்போ எம்ஐடியில இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019ல மைக்கேல் கிரேமரோட சேந்து வாங்கினவங்க. ஷில்லரோட ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் கோர்ஸ் கோர்செராங்கற ஆன்லைன் கோர்ஸ் சைட்ல இருக்கு, அதுக்கு முன்னாடி யேல் கிளாஸ்ரூம்ல எடுத்ததும் ஃப்ரீயா கிடைக்குது. இன்சூரன்ஸ் எப்படி வந்துச்சு, ஷேர் விலை ஏன் கண்டபடி ஏறி இறங்குது, மனுஷங்க கூட்டமா சேந்தா எப்படி ஏமாறுறாங்கன்னு கதை மாதிரி சொல்லிட்டே போவாரு, கேக்க சுகமா இருக்கும். பிரச்சனை என்னன்னா கோர்செராவுல குவிஸ் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்குற டைப், பேப்பர் பேனா எடுக்காமலே முடிச்சிடலாம், முடிச்சவங்களுக்கு ஒரு பாண்டோட (கடன் பத்திரம்) விலையைக் கணக்குப் போடச் சொன்னா கை நடுங்கும். மார்க்கெட்டைப் பத்தி ஒரு தெளிவு வேணும்னா ஷில்லர் போதும், வேலைக்கு உதவணும்னா போதாது.

டூஃப்லோ நேர் எதிர். ஃப்ரெஞ்ச் உச்சரிப்பு, வேகமான பேச்சு, சப்டைட்டில் இல்லாம முதல் வாரம் ஓட்டுறது கஷ்டம். ஆனா வறுமையைப் பத்தின கோர்ஸ்ல அவங்க கேக்குற கேள்வி நம்மள விடாது: ஏழைக்கு சாப்பாடு கொஞ்சம் கூடக் கிடைச்சா உடம்புல தெம்பு வந்து சம்பாத்தியம் கூடி அவர் தானா மேல வந்துடுவாரா, இல்ல திரும்பவும் அதே எடத்துக்கு சறுக்கிடுவாரா? எஸ் மாதிரி வளையுற ஒரு கோட்டை வரைஞ்சு அது எந்த இடத்துல வறுமைப் பொறியா மாறுதுன்னு காட்டிட்டு, உடனே நிஜ சர்வே டேட்டாவை எடுத்து உண்மையிலயே அப்படித்தான் நடக்குதான்னு பாக்க வைப்பாங்க. அவங்களோட டேட்டா அனாலிசிஸ் கோர்ஸ்ல ஹோம்வொர்க்கை ஆர் (R)ங்கற புரோகிராமிங் மொழியில கோட் எழுதிப் பண்ணணும், மேலோட்டமா பாத்துட்டு ஒப்பேத்த முடியாது. நோபல் வாங்கினவங்க நல்லா பாடமும் நடத்துனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா இங்க பாக்கலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எனக்குப் புடிச்சவர் பிரின்ஸ்டன் ராபர்ட் செட்ஜ்விக், 2018க்கான கார்ல்ஸ்ட்ராம் விருது அவருக்குத்தான். கெவின் வெய்னோட சேந்து எடுக்குற அல்காரிதம்ஸ் கோர்ஸ் கோர்செராவுல முழுசா ஃப்ரீ, சர்டிஃபிகேட் கிடையாது, அதனாலயே நம்ம ஊர்ல பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூட பாக்குறதில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம். முதல் பெரிய அசைன்மெண்டே பெர்கொலேஷன்: ஒரு கட்டம் போட்ட சதுரம், கட்டங்களை இஷ்டத்துக்கு ஒண்ணொண்ணா தொறந்துகிட்டே வரணும், எப்போ மேல ஊத்துன தண்ணி கீழ வந்து சேருதுன்னு பாக்கணும், கிட்டத்தட்ட 59.3 சதவீதம் கட்டம் தொறந்ததும் அது நடக்கும். எது எதோட சேந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற யூனியன் ஃபைண்ட் அல்காரிதத்தை சும்மா மனப்பாடம் பண்ணிட்டு போறதில்ல, அந்த நம்பர் உங்க புரோகிராம்ல இருந்து வரணும். கோட் சரியா ஓடினாலும் விடமாட்டாங்க, எவ்வளவு நேரம் எடுக்குது, எவ்வளவு மெமரி திங்குதுன்னு ஆட்டோகிரேடர் தனித்தனியா அளந்து மார்க் போடும். மொழி மட்டும் ஜாவா, அது தெரியாதவங்க முதல்ல அதை ஓரளவு பழகிட்டு வரணும்.

இதுக்கு எதிர்ல நம்ம என்பிடெல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேந்து 2003ல ஆரம்பிச்ச ஆன்லைன் பாடத் திட்டம் இது, ஒருங்கிணைக்கிறது சென்னை ஐஐடி. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் மாதவன் முகுந்த் எடுக்குற பைத்தான் கோர்ஸ் 8 வாரம், அதுல டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் சேந்தே வரும், அலட்டிக்காம தெளிவா சொல்லுவாரு, வாரா வாரம் புரோகிராம் எழுதணும். சொல்ற விதத்துல செட்ஜ்விக்குக்கு ஒண்ணும் குறைஞ்சவர் இல்ல, ஆழம்னு பாத்தா செட்ஜ்விக் கூட, ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு பாத்தா முகுந்த்தான். என்பிடெல்ல இன்னொரு பலம் பரீட்சை: பொதுவா அசைன்மெண்டுக்கு 25, சென்டர்ல நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75. அசைன்மெண்ட் விடையை டெலிகிராம்ல இருந்து காப்பி அடிக்கிற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு, அந்த 75க்கு அது உதவாது. பரீட்சை ஃபீஸ் 2024ல 1000 ரூபாய், காலேஜ் ஒத்துக்கிட்டா கிரெடிட்டாவும் மாத்திக்கலாம்.

பிசிக்ஸுக்கு அதே என்பிடெல்ல சென்னை ஐஐடி வி. பாலகிருஷ்ணன் எடுத்த குவாண்டம் பிசிக்ஸ் லெக்சர்கள் எம்எஸ்சி பசங்களுக்கு, பத்மஸ்ரீ வாங்கின, கான்பூர் ஐஐடியில இருந்து ரிட்டயர் ஆன எச்.சி. வர்மா எடுத்த பிசிக்ஸ் கோர்ஸ்கள் பிஎஸ்சி பசங்களுக்கு. பாலகிருஷ்ணன் லெக்சரை நோட்டுல எழுதிக்கிட்டே பாக்கணும், சும்மா படுத்துகிட்டு பாத்தா மூணாவது லெக்சர்லயே தொலைஞ்சு போயிடுவீங்க.

கடைசியா ஆர்ட்ஸ் காலேஜ்ல எகனாமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு, இதை அவங்ககிட்ட எடுத்துச் சொல்ல ஆள் இல்ல. டூஃப்லோ, பானர்ஜி கோர்ஸ்கள் எல்லாம் எம்ஐடியோட ஒரு மைக்ரோமாஸ்டர்ஸ்ல, அதாவது ஆன்லைன்ல முடிக்கிற கோர்ஸ் தொகுப்புல, வரும், படிக்கிறதுக்கு ஃபீஸ் இல்ல, பரீட்சை எழுதத்தான் ஃபீஸ், அதுவும் நம்ம வருமானத்தைப் பொறுத்து குறையும். அதை நல்லா முடிச்சா எம்ஐடியிலயே மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணலாம், ஜிஆர்இ நுழைவுத் தேர்வு வேண்டாம், பெரிய காலேஜ் பேர் வேண்டாம். சீட் ரொம்பக் கம்மி, போட்டி கடுமை, ஆனா கதவு தொறந்துதான் இருக்கு. டேட்டா அனாலிசிஸ் கோர்ஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஹார்வர்ட் ஜோ பிளிட்ஸ்ஸ்டைனோட ஸ்டாட் 110 லெக்சர்ல முதல் பத்தைப் பாருங்க, கூடவே அந்த பிராக்டிஸ் கணக்குகளையும் போட்டுடுங்க, அதுவும் ஃப்ரீதான், விடையும் அங்கயே இருக்கு.